ஒன்பதாயிரம் ரூபாய்: டேப்லெட்டா, கோச்சிங்கா, நோட்டா?

கையில் 9,200 ரூபாய் இருந்தது. ஆத்தங்குடியில் அம்மா வேலை பார்க்கும் டைல்ஸ் பட்டறைக்கு மூன்று மாதம் நானும் போய், வீட்டுச் செலவுக்குக் கொடுத்தது போக மிச்சம் பிடித்த பணம். இதை வைத்து, கிராம நிர்வாக அலுவலர் மாதிரி அரசு வேலைகளுக்கு நடக்கும் அடுத்த குரூப் 4 தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதுதான் கேள்வி. காரைக்குடியில் ஒரு கடையில் 8,500க்குப் பழைய டேப்லெட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் கோச்சிங் வகுப்பு ஒன்றில் ஐந்து மாதத்துக்கு 9,000 கேட்டார்கள். இரண்டும் வேண்டாம் என்றால் பழைய பள்ளிப் புத்தகம், நோட்டு, கிளை நூலகம், கூடவே மாதிரித் தேர்வு மட்டும் வைக்கும் ஒரு டெஸ்ட் பேட்ச். ஒரு மாதம் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இதே இடத்தில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் எதை எப்படி எடைபோட்டேன் என்று எழுதுகிறேன். என் முடிவு உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நான் ஊரில் இருக்கிறேன், பஸ் நேரம் பார்க்க வேண்டியவள், வீட்டில் ஒரு கணக்குப்பிள்ளைத் தாத்தா இருக்கிறார். இதெல்லாமும் சேர்ந்துதான் முடிவு.

முதலில் போன முறை என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 12 அன்று எழுதினேன். அறிவிப்பில் 3,935 இடம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றுகூட எனக்கு இல்லை என்பது ஹாலை விட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. படிக்காமல் போய் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. எட்டு மாதம் தினமும் மூன்று மணி நேரம் படித்தேன், அதாவது மொபைலில் வீடியோ பார்த்தேன். அன்றைக்கு ஒரு கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பாடம் நடத்திய ஆசிரியரின் முகம் வருகிறது, அவர் போட்டிருந்த நீலச் சட்டை வருகிறது, சிவப்பு மார்க்கரால் அடிக்கோடு போட்டது வருகிறது, நடுவில் அடித்த ஜோக் கூட வருகிறது. விடை மட்டும் வரவில்லை.

இந்தத் தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. படிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கும் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான். கேட்கும்போது லேசாகத் தோன்றும். ஆனால் அந்த நாலு விடையும் தெரிந்த முகமாகவே இருக்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும்போது ஒருத்தர் சிரிப்பார் பாருங்கள், நாமும் சிரிப்போம், யாரென்று மட்டும் தெரியாது. அந்த மாதிரி முகம். வீடியோ எனக்கு எல்லாரையும் முகத்தளவில் பழக்கி வைத்திருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரையும் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஐயா. அப்பாவோட அப்பா. காரைக்குடியில் ஒரு கடையில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர், இப்போது திண்ணையில் உட்கார்ந்து தெருவைக் கணக்கு எடுக்கிறார். தேர்வு முடிந்து ஒரு மாதம் இருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து எட்டுத்தொகை பற்றிய வீடியோவை 1.75 வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன ஆத்தா, இவன் வண்டிக்கு நேரமாச்சுங்கற மாதிரி பேசுறான்?"

"சீக்கிரம் முடியும்ல ஐயா."

"சரி, மூடு. இப்ப சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"இம்புட்டு நேரம் கேட்டியே, அத."

எட்டில் ஆறு சொன்னேன். ஐங்குறுநூறும் பதிற்றுப்பத்தும் வரவே இல்லை. பரிபாடல் அகமா புறமா என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு, வீடியோவில் இரண்டு நிமிடம் முன்னால்தான் இரண்டும் கலந்தது என்று சொன்னார்கள், நான் புறம் என்றேன். ஐயா எட்டுப் பெயரையும் அடக்கிய பழைய வெண்பாவை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் படித்ததாம், எழுபது வருடம் இருக்கும். "நீ கேட்டதுல முக்காலே மூணு வீசம் காத்தோட போச்சு" என்றார். முக்காலே மூணு வீசம் என்றால் பதினாறில் பதினைந்து, கணக்குப்பிள்ளை வாயில் சும்மா சொல்லக்கூட பின்னம்தான் வரும். கொஞ்சம் அநியாயம், ஆறு சொன்னேனே.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. கடையில் பகல் முழுக்க வரவு, செலவு வரவர அப்படியே எழுதுவது சிட்டை. அதை ராத்திரி ஆளாளுக்குப் பிரித்து ஏற்றுவது பேரேடு. கடைசியில் எல்லாம் கூட்டிக் கழித்து நிறுத்துவது ஐந்தொகை. "சிட்டையில எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டா கணக்கு முடிஞ்சிருமா? பேரேட்டுல ஏத்தணும். பெட்டியில இருக்க காசும் ஏட்டுல இருக்க காசும் ஒத்துப்போகணும். அதுக்கப்புறந்தான் சோறு." அவருடைய முதலாளி சின்ன வயதில் பர்மாவில் மோல்மேனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவராம். அங்கிருந்து அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று ஏறியவர். அந்தப் பையன்களை யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை, ஆனால் ராத்திரி கணக்கு ஒத்துப்போகாவிட்டால் தூங்க விடவும் இல்லை. இதை ஐயா பெருமையாகத்தான் சொன்னார். பையன்கள் என்ன நினைத்தார்களோ.

என் எட்டு மாதப் படிப்பைத் திரும்பிப் பார்த்தால் முழுக்கச் சிட்டைதான். ஸ்கிரீன்ஷாட் 2,300. டெலிகிராமில் சேர்த்த பிடிஎஃப் இருநூறுக்கு மேல். "முக்கியம்", "மிக முக்கியம்", "கண்டிப்பா பார்க்க" என்று மூன்று ஃபோல்டர். பேரேட்டில் ஒன்றும் ஏறவில்லை. என் தோழி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "நீ என்ன கோட்டையூர் ரோஜா முத்தையாவா?" என்று கேட்டாள். பக்கத்து ஊர்க்காரர் என்பதால் எங்களுக்கு அவர் பெயர் கேலிக்கும் பயன்படும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், கோட்டையூர் வீட்டில் பழைய புத்தகம், இதழ், நோட்டீஸ் என்று விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994இல் அதுவே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. அவர் சேர்த்ததை ஊர் உலகம் எல்லாம் வந்து படிக்கிறது. நான் சேர்த்ததை நானே படிக்கவில்லை.

இதெல்லாம் ஐயா பேச்சு மட்டும்தானா என்று கொஞ்சம் தேடினேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தன்னையே வைத்துச் சோதித்து எழுதியிருக்கிறார். பொருளில்லாத எழுத்துக் கோவைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி ஓடிவிடுகிறது, அதற்கப்புறம் மறதி மெதுவாகிறது. இன்னொன்று 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரே பத்தியை ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொரு கூட்டம் வாசித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். எனக்குச் சுருக்கென்று தைத்தது வேறு விஷயம்: திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்" என்ற நம்பிக்கை அதிகமாக இருந்ததாம். ஜூலை 11 ராத்திரி நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் தெரியுமா.

சரி, நாமும் பார்த்துவிடுவோம் என்று ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் கிட்டத்தட்ட ஒரே கனமுள்ள மூன்று பாடத்தை எடுத்துக்கொண்டேன். ஒன்றை வீடியோவாக இரண்டு தடவை பார்த்தேன். இன்னொன்றைப் புத்தகத்தில் இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவதை ஒரு தடவை வாசித்து, மூடி வைத்து, நோட்டில் ஞாபகம் வந்ததை எழுதி, புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பில் நிரப்பினேன். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம். ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்து ஒவ்வொன்றிலும் இருபது கேள்வி கேட்கச் சொன்னேன். வீடியோவுக்கு 7, வாசித்ததற்கு 9, மூடி எழுதியதற்கு 14. ஒரே ஆள், மூன்றே பாடம், அம்மா ஒன்றிரண்டு இடத்தில் கண்ணால் ஜாடை காட்டினார், அதனால் இதை ஆராய்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மூடி எழுதியதற்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி எனக்குப் போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீடியோவைத் திட்டுகிற கட்டுரை எழுத நான் உட்காரவில்லை. கணக்குப் பகுதியில் தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும் எல்லாம் எனக்குப் புரிந்ததே வீடியோவில்தான். ஒருத்தர் கோடு கோடாகப் போட்டுக் காட்டும்போது கிடைக்கிற வெளிச்சம் புத்தகத்தின் ஒரு வரித் தீர்வில் கிடைக்காது. ஊரில் இருந்துகொண்டு காசில்லாமல் இவ்வளவு நல்ல ஆசிரியர்களைக் கேட்க முடிகிறது என்பது சின்ன விஷயமா? 2018இலிருந்து வந்த புதுப் பாடப்புத்தகங்களில் பாடத்துக்குப் பக்கத்திலேயே க்யூஆர் கோடு போட்டிருக்கிறார்கள், புரியாத இடத்தில் அதை மொபைலில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத் திரும்பப் புத்தகத்துக்கு வந்துவிடலாம். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. புரிந்துகொள்ள வீடியோ நல்ல ஆள். ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையையும் அதன் தலையில் கட்டியது என் தப்பு.

காதால் படிப்பதையும் விட்டுவிடவில்லை. பட்டறையில் கை வேலையாகத்தானே இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது என்று இயர்போனில் நடப்பு நிகழ்வு கேட்டேன். தெரியாதவர்களுக்கு வேலையைச் சொல்கிறேன்: கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைத்து, அதன்மேல் அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம், ஓரத்துக்கு ஒரு நிறம் என்று கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்தி, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போட வேண்டும். சூளையில் வைப்பதெல்லாம் கிடையாது. செய்தியைச் சும்மா கேட்டுக்கொண்டே போகும்வரை கை ஓடியது. என்றைக்கு வினாடி வினா ஒலிப்பதிவு போட்டேனோ, கேள்விக்கு விடை யோசித்துக்கொண்டே பச்சை ஊற்ற வேண்டிய இடத்தில் மெரூன் ஊற்றிவிட்டேன், அதுவும் மூன்று கல். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இயர்போனை மட்டும் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். யோசிக்க வைக்காத ஒலி மண்டையில் நிற்கவில்லை, யோசிக்க வைக்கிற ஒலி கையை நிறுத்தியது. பஸ்ஸில் மட்டும் கேட்கலாம் என்று அதோடு விட்டேன்.

இப்போது டேப்லெட். மனசு முழுக்க அதன் பக்கம்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பத்து அங்குலத் திரை, பாடநூல் கழகத்தின் பிடிஎஃப் எல்லாம் இலவசம், கண் வலிக்காது, பாதித் திரையில் புத்தகம் பாதித் திரையில் நோட்டு என்று கடைக்காரர் காட்டியபோது நான் ஏற்கெனவே கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், என் குறை திரையின் அளவா? மொபைலில் நான் செய்த அதே வேலையைப் பெரிதாகச் செய்யப்போகிறேன், அவ்வளவுதான். வீட்டில் அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு மடிக்கணினி ஒன்று உண்டு, பல வருடம் உழைத்துவிட்டது, இப்போது சார்ஜர் சொருகியபடி இருந்தால்தான் உயிரோடு இருக்கும். பிடிஎஃப் பார்க்க அது போதும். இன்னொன்று, நான் இறக்கி வைத்திருந்த பிடிஎஃப்களில் பாதிக்கு மேல் பழைய எழுத்துருவில் இருப்பதால் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் கிடைக்காது. தேட முடியும் என்பதுதான் பிடிஎஃப்பின் பெரிய பலம், அதுவே இல்லாவிட்டால் தாளைப் புரட்டுவது வேகம். பழைய பொருள் வேறு, பேட்டரிக்கு யார் பொறுப்பு என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார்.

யாருக்கு டேப்லெட் சரி என்றால், விடுதியில் அல்லது வெளியூரில் இருந்துகொண்டு புத்தக மூட்டை தூக்க முடியாதவர்களுக்கு, கண்பார்வைக்கு எழுத்தைப் பெரிதாக்க வேண்டியவர்களுக்கு, இன்னும் முக்கியமாக, வேறு செயலிகளை எடுத்துவிட்டு மூன்று மணி நேரம் ஒரே திரையில் இருக்க முடிகிறவர்களுக்கு. நான் அந்தக் கடைசி வகை இல்லை. ஒரு சமையல் ரீல்ஸ் என்னை நாற்பது நிமிடம் கொண்டுபோய்விடும்.

கோச்சிங் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை இலவசமாக உட்காரப் போனேன். ஹாலில் நூறு பேருக்கு மேல், மைக் வைத்துப் பாடம், ஆசிரியர் பிரமாதம், பல்லவர் வரிசையைக் கதை மாதிரி சொன்னார், கைதட்டினோம். வீட்டுக்கு வந்து ஐயா வழக்கம்போல "மூடு, சொல்லு" என்றார், நாலு பேர் சொன்னேன், அதிலும் வரிசை மாறிப்போனது. நேரில் கேட்டாலும் கேட்பது கேட்பதுதான். ஆனால் அங்கே ஒன்று உண்மையிலேயே நல்லது: காலை ஒன்பது மணிக்கு 50 கேள்வி டெஸ்ட், பதினோரு மணிக்கு மார்க்கைச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது வயிற்றில் ஒன்று பிசையும் பாருங்கள், அது வீட்டில் தனியாக உட்கார்ந்தால் வராது. யாராவது எதிரில் நின்று கேட்டால்தான் படிப்பேன் என்று இருப்பவர்களுக்கு 9,000 வீண் இல்லை. கூடப் படிக்கிறவர்களின் பேச்சே ஒரு தெம்பு. வீட்டில் ஒதுங்கி உட்கார இடம் இல்லாதவர்களுக்கு அந்த ஹாலே ஒரு வரம்.

எனக்கு இடித்தது பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் 2021லிருந்து போக்குவரத்துச் செலவு என் கணக்கில் பூஜ்யம், இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று இதே கணக்கைப் போடும் எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் காசு இல்லாவிட்டாலும் நேரம் உண்டே. காரைக்குடி போக முக்கால் மணி நேரம், காத்திருப்பது தனி. வகுப்பு ஆறு மணிக்கு முடிந்து வீடு வர எட்டாகும், அப்புறம் அன்றைக்குக் கேட்டதைப் பேரேட்டில் ஏற்ற எங்கே தெம்பு? இரண்டு நாளும் பட்டறைக் கூலியும் போகும். அதைச் சேர்த்தால் 9,000 என்பது வெறும் 9,000 இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவசப் பயிற்சி நடத்துகிறார்கள், பணம் ஒரு தடை என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள். எங்கள் ஊரிலிருந்து சிவகங்கை போய் வர எனக்கு ஒரு நாளே போய்விடும், அதனால் நான் சேரவில்லை. சிவகங்கையில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தது தாள். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்வேன், ஏனென்றால் இதிலும் ஏமாற இடம் இருக்கிறது. கையால் எழுதினால் மண்டையில் ஏறும் என்று எல்லாரும் சொல்வார்கள். 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்களைவிடக் கையால் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளுக்கு நன்றாக விடை சொன்னதாக வெளியிட்டார்கள், அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு வேறு ஆட்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவாக வரவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கல்லூரியில் நான்கு கலர் பேனா வைத்து, தலைப்புக்கு ஒரு நிறம், ஆண்டுக்கு ஒரு நிறம் என்று கோலம் மாதிரி நோட்டு வைத்திருந்தவள் நான். எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்தது, புத்தகத்தைப் பார்த்து அப்படியே இறக்கினேன். அதுவும் சிட்டைதான், அழகான சிட்டை. மூடி வைத்துவிட்டு எழுதினால்தான் கணக்கு வேறு.

அதனால் நோட்டை இப்படி வைத்திருக்கிறேன்: இடது பக்கம் ஞாபகத்திலிருந்து, வலது பக்கம் விட்டுப்போனது. வலது பக்கத்தில் விழுந்ததெல்லாம் சின்னச் சின்ன அட்டையாகப் போகும். அட்டைக்குக் காசு செலவில்லை. இந்த ஊர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா, ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு கனம். வெற்றுப் பக்கத்தை நாலாக வெட்டினால் ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் மணமக்கள் பெயருக்கு நடுவில் இடுக்கில் விடை. வீட்டில் கிடந்த மூன்று ஓலைக் கொட்டான்களை, அதாவது சின்னக் கூடைகளை, எடுத்துக்கொண்டேன். முதல் கொட்டான் தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு தடவை, மூன்றாவது வாரம் ஒரு தடவை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த கொட்டானுக்குப் போகும், தப்பினால் எங்கிருந்தாலும் முதல் கொட்டானுக்கே திரும்பும். இது என் மூளையில் உதித்தது இல்லை, செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் பெட்டிகளை வைத்துச் சொன்ன முறை. கொட்டான் மட்டும்தான் என் சேர்க்கை. அங்கி என்ற செயலி இதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும், எந்த அட்டை எந்த நாள் வரவேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். மொபைலைத் திறந்தால் அங்கியை மட்டும் திறக்கிற ஆளாக இருந்தால் கொட்டான் தேவையே இல்லை, செயலிதான் சிறந்தது. அட்டை ஆயிரத்தைத் தாண்டும்போது நானும் அதற்கு மாற வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இப்போது 340.

நூலகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள், பட்டறைக்கு லீவு கிடைக்கும் நாளாகப் பார்த்துப் போகிறேன். புத்தகத்தைவிட அங்கே எனக்கு முக்கியம் செய்தித்தாள். நடப்பு நிகழ்வை மாதாந்திரத் தொகுப்பாக ஒரேயடியாக விழுங்குவதைவிட, நாளிதழை விரித்து வைத்து ஐந்து வரி குறித்துக்கொண்டு வந்தால் ஒன்றோடொன்று தொடர்பு புரிகிறது. பக்கத்தில் மூன்று பேர் இதே தேர்வுக்குப் படிக்கிறார்கள், பேச மாட்டோம், ஆனால் ஒருத்தர் எழுந்து போகாதவரை நானும் எழுந்திருக்க மாட்டேன். கோச்சிங் ஹாலின் பாதிப் பலன் இதிலேயே கிடைக்கிறது என்பேன். குறை என்றால், மதியம் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் இரண்டு நாற்காலிக்குப் பெரிய போட்டி.

செலவுக் கணக்கு: ஆறிலிருந்து பத்துவரை தமிழ், அறிவியல், சமூக அறிவியல் புத்தகம் எல்லாம் தெருப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கினேன், சிலதுக்கு மட்டும் பழைய புத்தகக் கடையில் 450. நோட்டு, பேனா 380. மொபைலில் நடக்கும் டெஸ்ட் பேட்ச் ஒன்று 1,500, கேள்வித்தாளைப் பிரிண்ட் போட்டு, விடைக்கு வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் தாளும் பிரிண்ட் போட்டு, கடிகாரம் வைத்து எழுதுகிறேன், அந்தப் பிரிண்ட் செலவு இதுவரை 600. ஆக 2,930. கோச்சிங்கில் எனக்குப் பிடித்தது டெஸ்ட்தான், அதை மட்டும் இப்படி வாங்கிக்கொண்டேன். சுவரில் ஒட்டும்போது பிசையும் வயிறு மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக மார்க்கை ஐயாவிடம் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன், அதுவும் பயமாகத்தான் இருக்கிறது. முதல் டெஸ்டில் 200க்கு 96. ஆறாவதில் 121. தமிழில் நன்றாக ஏறியிருக்கிறது, கணக்கு அங்கேயே நிற்கிறது. அதற்கு மட்டும் தினமும் ஒரு வீடியோ, சாதாரண வேகத்தில், நடுவில் நிறுத்தி நானே போட்டுப் பார்த்துவிட்டு.

இதில் எனக்கே இன்னும் தீராத சந்தேகம் ஒன்று இருக்கிறது. மூடி எழுதுவது பயங்கர அலுப்பு. வீடியோ பார்த்த நாட்களில் ஒரு நாளும் சலித்தது இல்லை. இப்போது வாரத்தில் ஒரு நாளாவது நோட்டைத் தூக்கி எறியத் தோன்றுகிறது, இடது பக்கத்தில் மூன்று வரி, வலது பக்கம் முழுக்கச் சிவப்பு என்று பார்க்கும்போது நாம் மக்குதான் போலிருக்கிறது என்று நினைப்பு ஓடுகிறது. ஐந்து மாதம் இதைத் தாங்குவேனா என்று தெரியாது. தாங்க முடியாவிட்டால் மிச்சம் இருக்கிற 6,270இல் கடைசி இரண்டு மாதம் கோச்சிங்கில் டெஸ்ட்டுக்கு மட்டும் சேர முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள். டேப்லெட் கடைக்காரர் போன வாரம் கூப்பிட்டு 7,800க்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

ராத்திரி எட்டரைக்குத் திண்ணையில் கணக்கு முடிக்கிறோம். கொட்டானை ஐயா மடியில் வைத்துக்கொள்வார், கண்ணாடியைத் துடைப்பார், அட்டையைத் திருப்பிக் கேள்விக்கு முன்னால் மணமகன் வீட்டார் பெயரை வாசித்து, "இது நம்ம தேவகோட்டைக்காரவுகல்ல?" என்று கேட்டு, அதில் பத்து நிமிடம் போகும். அப்புறம்தான் கேள்வி. நேற்று பதினெட்டு அட்டையில் நாலு முதல் கொட்டானுக்குத் திரும்பின. முடிந்ததும் ஐயா என் மொபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நீலச் சட்டை ஆசிரியரின் வீடியோ இப்போது அவருக்கு தினமும் வேண்டும்.

"நல்லாத்தான் ஆத்தா சொல்றான்" என்கிறார். வேகத்தை மட்டும் குறைத்து வைக்கச் சொல்கிறார்.